பிரசவ அறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட தந்தை

தன் குழந்தை பிறந்த நாளைப் பற்றி ஒரு புதிய தந்தை சொல்லும் கதை, அவர் எந்த வர்க்கத்தைச் சேர்ந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது. பெருநகரம் ஒன்றின் தனியார் மருத்துவமனையில், ஊதியத்துடன் கூடிய விடுப்பில் இருக்கும் ஒருவரால் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்ல முடியும். மனைவிக்கு வலி கண்ட நேரம், விடிய விடிய அருகிலிருந்த பொழுது, முதல் அழுகுரல் கேட்ட கணம் என அவருடைய நினைவில் அந்த நாள் முழுமையாக இருக்கிறது. சூரத்தின் விசைத்தறிக் கூடத்தில் நிற்கும் கஞ்சம் மாவட்டத்து ஒடியா தொழிலாளிக்கோ, திருப்பூரின் பின்னலாடை ஆலையில் வேலை செய்யும் பீகார் தொழிலாளிக்கோ அந்த நாள் பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பாக மட்டுமே வந்து சேர்கிறது. குழந்தையின் முகத்தை அவர் முதலில் பார்ப்பது செல்பேசித் திரையில். கையில் ஏந்துவது, அடுத்த பண்டிகைக்கு ரயிலில் இடம் கிடைத்து ஊர் போய்ச் சேரும்போது.

இவ்விரு தந்தையருக்கும் இடையிலான வேறுபாடு பாசத்தின் அளவில் இல்லை. ஒருவருக்கு விடுப்பு இருக்கிறது, மற்றவருக்கு இல்லை. ஒருவர் வேலைக்கு வராத நாளுக்கும் ஊதியம் வருகிறது. மற்றவர் வேலைக்கு வராவிட்டால் ஊதியம் போவதோடு வேலையே போய்விடக்கூடும். பிரசவம் என்பது வர்க்க வேறுபாடுகளைக் கடந்த இயற்கை நிகழ்வு என்று பொதுவாகக் கருதப்படுகிறது. ஆனால் பிரசவித்த பெண்ணின் அருகில் யார் இருக்க முடியும், எத்தனை நாள் இருக்க முடியும் என்பதை இயற்கை தீர்மானிப்பதில்லை. உற்பத்தி உறவுகள்தாம் தீர்மானிக்கின்றன.

குழந்தை பிறக்கும்போதும் அதற்கடுத்த வாரங்களிலும் தந்தை உடனிருப்பதை ஆணுக்கு அளிக்கப்படும் ஒரு சலுகையாகப் பார்க்கும் பழக்கம், முதலாளிகளிடம் மட்டுமின்றித் தொழிலாளர் இயக்கத்துக்குள்ளும் இருக்கிறது. உண்மையில் அது தாயின் உடல்நலம் சார்ந்த, குழந்தையின் பாதுகாப்பு சார்ந்த, பெண்ணின் வேலை உரிமை சார்ந்த கோரிக்கையாகும். கோரிக்கைப் பட்டியலின் கடைசி வரியில் போனால் போகட்டும் என்று சேர்க்கப்படும் நிலையிலிருந்து அதை மீட்க வேண்டிய நேரம் இது.

சட்டத்தில் இல்லாத மனிதர்

இந்தியாவில் மகப்பேறு உரிமை யாருடைய கருணையாலும் வந்ததல்ல. மத்திய சட்டமன்றத்தில் தொழிற்சங்கத் தலைவர் என்.எம். ஜோஷி 1924ல் மகப்பேறு உதவி மசோதாவைக் கொண்டுவந்தபோது, காலனி ஆட்சியும் முதலாளிகளும் அதை நிறைவேறவிடவில்லை. 1928ல் பம்பாய் சட்டமன்றத்தில் இதே நோக்குடைய மசோதா விவாதத்துக்கு வந்தபோது டாக்டர் அம்பேத்கர் அதை ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்குக் கிடைக்கும் ஓய்வு நாட்டின் நலன் சார்ந்தது, எனவே அதன் சுமையில் அரசும் பங்கேற்க வேண்டும் என்பது அவருடைய வாதத்தின் சாரம். 1929ல் பம்பாய் மகப்பேறு உதவிச் சட்டம் வந்தது. பிற மாகாணங்களும் அவ்வழியில் சென்றன. 1941ல் சுரங்கத் தொழிலாளிப் பெண்களுக்கும், 1948ல் ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் மூலம் ஆலைத் தொழிலாளிப் பெண்களில் ஒரு பகுதியினருக்கும் பாதுகாப்பு கிடைத்தது. நாடு முழுமைக்குமான மகப்பேறு உதவிச் சட்டம் 1961ல் நிறைவேறியது.

2017ல் அச்சட்டம் திருத்தப்பட்டது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 12 வாரங்களாக இருந்த விடுப்பு 26 வாரங்களாக உயர்ந்தது. ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் கட்டாயமாக்கப்பட்டது. வரவேற்கத்தக்க இத்திருத்தத்தில் இரண்டு பெரிய ஓட்டைகள் இருந்தன. ஈ.எஸ்.ஐ.க்கு வெளியே உள்ள நிறுவனங்களில் விடுப்புக்கால ஊதியம் முழுவதும் வேலையளிப்பவரின் தலையிலேயே வைக்கப்பட்டது. அரசு ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. தந்தை என்ற சொல்லுக்கு அச்சட்டத்தில் எந்தக் கடமையும் இல்லை, எந்த உரிமையும் இல்லை. குழந்தை வளர்ப்பு முழுக்க முழுக்கப் பெண்ணின் வேலை என்பதைச் சட்டமே எழுதி ஒப்பமிட்டது போலாயிற்று.

மத்திய அரசு ஊழியர்களுக்கு மட்டும் நிலைமை வேறு. ஐந்தாவது ஊதியக் குழுவுக்குப் பின், 1990களின் இறுதியில், 15 நாட்கள் தந்தைமை விடுப்பு அவர்களுக்குக் கிடைத்தது. பிரசவத்துக்கு 15 நாட்கள் முன்பிருந்து, பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை, எப்போது வேண்டுமானாலும் அதை எடுத்துக்கொள்ளலாம். சில மாநில அரசுகளும் தத்தம் ஊழியர்களுக்கு இத்தகைய விடுப்பை அளிக்கின்றன. சிக்கிம் அரசு 2023ல் தன் ஆண் ஊழியர்களுக்கு ஒரு மாத விடுப்பை அறிவித்தது. தனியார் துறையில் இருப்போருக்கோ சட்டபூர்வமாக ஒரு நாள்கூடக் கிடையாது.

இந்த இடைவெளியை நீதிமன்றங்களும் கண்டிருக்கின்றன. டெல்லியில் ஒரு தனியார் பள்ளி ஆசிரியர், மனைவியின் பிரசவத்துக்காக எடுத்த விடுப்புக்கு ஊதியம் பிடிக்கப்பட்டதை எதிர்த்து வழக்காடினார். அங்கீகரிக்கப்பட்ட தனியார் பள்ளி ஊழியர்களுக்கும் அவ்விடுப்பு உண்டு என்று டெல்லி உயர்நீதிமன்றம் 2009ல் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில், மனைவியின் பிரசவத்தையொட்டி விடுப்பு கேட்ட ஒரு காவல் ஆய்வாளருக்கு முதலில் விடுப்பு அளிக்கப்பட்டு, பிறகு சட்டம் ஒழுங்குக் காரணம் காட்டி அது ரத்து செய்யப்பட்டது. மனைவியையும் குழந்தையையும் விட்டுவிட்டுப் பணிக்குத் திரும்ப முடியாத நிலையில் அவர் பணியைக் கைவிட்டு ஓடியவராக அறிவிக்கப்பட்டார். சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2023ல் அந்த ஆணையை ரத்து செய்தது. தந்தைமை விடுப்புக்கென்று இந்தியாவில் தனிச் சட்டம் தேவை என்பதையும் அது எடுத்துரைத்தது. சீருடை அணிந்த அரசு ஊழியருக்கே இந்தப் போராட்டம் என்றால், ஒப்பந்தத் தொழிலாளியின் நிலையைச் சொல்லத் தேவையில்லை.

2017ல் மக்களவை உறுப்பினர் ராஜீவ் சாதவ் தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். அமைப்புசாராத் தொழிலாளர் உட்பட அனைவருக்கும் 15 நாட்கள், தேவைப்பட்டால் மூன்று மாதங்கள் வரை, தந்தைமை விடுப்பு என்பது அதன் உள்ளடக்கம். அது சட்டமாகவில்லை. பின்னர் ஒன்பது சட்டங்களை ஒன்றாகச் சுருட்டி 2020ல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு நிறைவேற்றப்பட்டது. இருபத்தோராம் நூற்றாண்டுக்கான சட்டம் என்று ஆட்சியாளர்கள் பெருமை பேசிய அத்தொகுப்பிலும் தந்தைக்கு இடமில்லை. செயலிவழித் தொழிலாளர்களுக்கு மகப்பேறு உதவித் திட்டங்கள் வகுக்கப்படலாம் என்று மட்டுமே அது சொல்கிறது. திட்டம் வகுக்கப்படலாம் என்பதும் உரிமை உண்டு என்பதும் ஒன்றல்ல என்பதைத் தொழிலாளி வர்க்கம் நன்கறியும்.

மருத்துவமனை வாசலில்

சட்டத்தில் இல்லாத தந்தை, அரசு மருத்துவமனையிலும் வாசலுக்கு வெளியேதான் நிற்கிறார். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணுக்கு நம்பிக்கைக்குரிய ஒருவர் அருகிலிருந்தால் அவருடைய அச்சம் குறைகிறது, அவமதிப்பான நடத்தைக்கு ஆளாகும் வாய்ப்பு குறைகிறது, ஏதேனும் தவறாகப் போனால் உடனே குரல் கொடுக்க ஆளிருக்கிறது. இதை ஏற்றுக்கொண்ட மத்திய சுகாதார அமைச்சகம், அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணைவர் ஒருவரை அனுமதிக்க 2016ல் முடிவெடுத்தது. ஏற்கெனவே பிரசவ அனுபவம் உள்ள பெண் உறவினர் துணையிருக்கலாம்; தனிமை காக்கப்படும் இடங்களில் கணவரையும் அனுமதிக்கலாம் என்றது அம்முடிவு.

தனிமை காக்கப்படும் இடங்களில் என்ற இந்தச் சொற்களில்தான் பிரச்சினையின் வேர் இருக்கிறது. ஒரே அறையில் அடுத்தடுத்த கட்டில்களில் பெண்கள் பிரசவிக்கும்போது, நடுவே ஒரு திரைச்சீலைகூட இல்லாதபோது, ஒரு பெண்ணின் கணவர் உள்ளே வருவது மற்ற பெண்களின் மானத்தைப் பாதிக்கும். செவிலியர்கள் அவரை வெளியே நிறுத்துவதில் தவறில்லை. அளவுக்கு மீறிய வேலைச் சுமையைச் சுமக்கும் அந்தச் செவிலியரும் தொழிலாளியே. தவறு, அங்கே தனித்தனித் தடுப்பறைகள் கட்டப்படாததில் இருக்கிறது. பொது சுகாதாரச் செலவை 2025ஆம் ஆண்டுக்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவதாக 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை உறுதியளித்தது. அந்த உறுதிமொழி காற்றில் விடப்பட்டதன் விளைவு, ஒரு தந்தை தன் குழந்தையின் முதல் அழுகுரலைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்பது வரை நீள்கிறது.

வாசலில் நிற்கும் அவர் சும்மாவும் நிற்பதில்லை. இரத்த வங்கிக்கு ஓடுகிறார், வெளிக்கடையில் மருந்து வாங்குகிறார், வண்டி தேடுகிறார், கடன் கேட்டு யார் யாருக்கோ தொலைபேசுகிறார். அரசு மருத்துவமனைப் பிரசவத்தில் மருந்து, பரிசோதனை, இரத்தம், உணவு, போக்குவரத்து அனைத்தும் இலவசம் என்று 2011ல் தொடங்கப்பட்ட ஜனனி சிசு சுரக்ஷா காரியக்ரம் சொல்கிறது. அது முழுமையாக நடைமுறையாகும் இடத்தில் தந்தைக்கு மனைவியின் பக்கத்தில் இருக்க நேரம் கிடைக்கும். நடைமுறையாகாத இடத்தில் அவர் எடுபிடியாக ஓடிக்கொண்டிருப்பார்.

வீடு திரும்பிய பிறகு

2019-21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 88.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நிகழ்கின்றன. இது பெரும் முன்னேற்றம். அதே ஆய்வின்படி 21.5 சதவீதப் பிரசவங்கள் அறுவைச் சிகிச்சை மூலம் நடக்கின்றன. தெலங்கானாவில் 60.7 சதவீதம், தமிழ்நாட்டில் 44.9 சதவீதம். வயிற்றைக் கிழித்துத் தைத்த காயத்துடன் வீடு திரும்பும் பெண்ணால் தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியாது, மூத்த குழந்தையைத் தூக்க முடியாது, இரவில் பத்து முறை எழுந்து குனிய முடியாது. இரத்தப்போக்கு, காய்ச்சல், வலிப்பு போன்ற ஆபத்துகள் மருத்துவமனையை விட்டு வந்த பிறகும் நேரலாம். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வை அருகிலிருப்பவர் கவனிக்காவிட்டால் எவரும் கவனிக்கமாட்டார்கள்.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கம் நாட்டின் பல பகுதிகளில் இருக்கிறது. புகுந்த வீட்டின் வேலைச் சுமையிலிருந்து பெண்ணுக்குச் சில மாத ஓய்வு கிடைக்க அது உதவியது என்பது உண்மை. ஆனால் அந்த ஓய்வின் விலையை மற்றொரு பெண், அதாவது பெண்ணின் தாய், தன் உழைப்பால் செலுத்துகிறார். செலவைப் பெண் வீட்டார் ஏற்கிறார்கள். தந்தையோ பழத்தட்டுடன் வந்து பார்த்துவிட்டுப் போகும் விருந்தினராகிறார். குழந்தையின் முதல் மூன்று மாதங்களில் அதைக் குளிப்பாட்டவும் துடைக்கவும் தூங்கவைக்கவும் பழகாத ஆண், அதன்பிறகு பழகுவது அரிது. குழந்தை வளர்ப்பில் நிலைத்துவிடும் வேலைப் பிரிவினை அந்த முதல் வாரங்களிலேயே உருவாகிவிடுகிறது.

அதன் விளைவைத் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டு ஆய்வு காட்டியது. ஊதியமற்ற வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்கள் செலவிட்டனர். ஆண்கள் 97 நிமிடங்கள். இதுவும் அவ்வேலையில் ஈடுபட்ட ஆண்களின் கணக்கு மட்டுமே. பெண்களில் 81.2 சதவீதத்தினர் வீட்டு வேலை செய்தபோது, ஆண்களில் செய்தவர் 26.1 சதவீதத்தினர்தாம். 2024ஆம் ஆண்டு ஆய்விலும் அடிப்படை நிலை மாறவில்லை. பெண்கள் 289 நிமிடங்கள், ஆண்கள் 88 நிமிடங்கள். அடுத்த தலைமுறைத் தொழிலாளியை ஈன்று, பாலூட்டி, வளர்த்து, உற்பத்திக்குத் தயாராக்கும் உழைப்புக்கு மூலதனம் ஒரு பைசாவும் தருவதில்லை. உழைப்புச் சக்தியின் மறுஉற்பத்தி எனப்படும் இப்பணியைப் பெண்ணின் மேல் இலவசமாகச் சுமத்துவதில் முதலாளித்துவமும் ஆணாதிக்கமும் கைகோத்து நிற்கின்றன.

ஒரு கொய்தா என்பது இருவர்

மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்திலிருந்து ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் கரும்பு வெட்டச் செல்கிறார்கள். அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கொய்தா. கொய்தா என்றால் அரிவாள். முன்பணம் அந்த ஜோடிக்கே தரப்படுகிறது. வேலைக்கு வராத நாளுக்குக் கூலி போவதோடு அபராதமும் விதிக்கப்படுகிறது. நிறைமாதக் கர்ப்பிணியும் கரும்புக் கட்டைத் தலையில் சுமக்கிறார். பிரசவம் வயலோரத்துக் குடிசையில் நடந்தால், கணவர் உடனிருக்கும் ஒவ்வொரு நாளும் இருவரின் கூலியும் நிற்கிறது, கடன் ஏறுகிறது. மாதவிடாயும் கர்ப்பமும் வேலைக்குத் தடையாகிவிடக் கூடாதென்று இப்பெண்கள் கருப்பையையே அகற்றிக்கொண்ட கொடுமை வெளிவந்து, 2019ல் மாநில அரசு குழு அமைத்து விசாரிக்க வேண்டி வந்தது. தாய்க்கான விடுப்பும் தந்தைக்கான விடுப்பும் வெவ்வேறு கோரிக்கைகள் அல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. கூலியை இருவருக்கும் சேர்த்து எண்ணும் முதலாளி, குழந்தையை மட்டும் பெண்ணின் கணக்கில் எழுதுகிறார்.

நகரத்தின் நவீன முகமும் இதற்கு மாறானதல்ல. உணவு விநியோகத்தில் ஈடுபட்டுள்ள ஒரு பெரும் நிறுவனம் 2019ல் தன் ஆண் ஊழியர்களுக்கும் 26 வாரங்கள் ஊதியத்துடன் விடுப்பு என்று அறிவித்தபோது ஊடகங்கள் அதைக் கொண்டாடின. அலுவலகத்தில் கணினிமுன் அமர்ந்திருப்போருக்கு அது நல்ல செய்தியே. ஆனால் உணவுப் பொட்டலத்தை மழையிலும் வெயிலிலும் சுமந்து செல்லும் இளைஞர் ஊழியராக அன்றிப் பங்குதாரராகவே அழைக்கப்படுகிறார். பங்குதாரருக்கு விடுப்பு ஏது? மனைவி பிரசவித்த நாளில் அவர் செயலியை அணைத்துவைத்தால் அன்றைய வருமானமும் ஊக்கத்தொகையும் சேர்ந்தே அணைந்துவிடும்.

எதிர்வாதங்களும் பதில்களும்

தந்தைமை விடுப்பு கொடுத்தால் ஆண்கள் அதை வெறும் விடுமுறையாகவே கழிப்பார்கள் என்று 2016ல் அன்றைய மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சர் மேனகா காந்தி கருத்துத் தெரிவித்தார். இந்த ஐயத்தைப் பெண் தோழர்கள் பலரும் அனுபவத்திலிருந்து எழுப்பக்கூடும். அதை அலட்சியம் செய்யலாகாது. வீட்டில் ஆண் இருந்தால் அவருக்கும் சேர்த்துச் சமைக்கும் வேலை கூடுகிறது என்பது பல வீடுகளின் உண்மை. ஆனால் பொறுப்பைத் தட்டிக்கழிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பது பொறுப்பையே சட்டத்திலிருந்து நீக்கிவிடுவதற்குக் காரணமாகாது. சுவீடன் 1974ல் தாய்க்கு மட்டுமான விடுப்பைப் பெற்றோர் இருவருக்குமான விடுப்பாக மாற்றியது. தொடக்கத்தில் ஆண்கள் அதை அதிகம் பயன்படுத்தவில்லை. 1995ல் ஒரு மாதம் தந்தைக்கென ஒதுக்கப்பட்டது. அவர் எடுக்காவிட்டால் அது காலாவதியாகும், மனைவிக்கு மாற்ற முடியாது. அதன்பிறகு விடுப்பு எடுக்கும் தந்தையரின் எண்ணிக்கை தெளிவாக உயர்ந்தது. இன்று அங்கே இரு பெற்றோருக்கும் தலா 90 நாட்கள் அவ்வாறு ஒதுக்கப்பட்டுள்ளன. அறிவுரையால் மாறாத பழக்கத்தைச் சட்டத்தின் வடிவமைப்பு மாற்றியது.

செலவைத் தாங்க முடியாது என்பது முதலாளிகளின் வழக்கமான வாதம். எட்டு மணிநேர வேலைநாளுக்கும் போனஸுக்கும் எதிராக அவர்கள் சொன்னதும் இதுவே. 26 வார விடுப்பின் செலவைத் தவிர்க்க, திருமணமான இளம்பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்கும் நிறுவனங்கள் இருக்கின்றன. இதற்குத் தீர்வு பெண்ணின் விடுப்பைக் குறைப்பதல்ல. விடுப்புச் செலவைத் தனித்தனி முதலாளியின் கணக்கிலிருந்து எடுத்துச் சமூகக் காப்பீட்டுக்கு மாற்றுவதும், ஆணுக்கும் விடுப்பைக் கட்டாயமாக்குவதுமே தீர்வு. குழந்தை பிறந்தால் ஆணும் பெண்ணும் விடுப்பில் செல்வர் என்ற நிலை வந்தால், பெண்ணை மட்டும் சுமையாகக் காட்ட முடியாது.

அதற்கான அமைப்பும் நாட்டில் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் முதலாளி 3.25 சதவீதமும் தொழிலாளி 0.75 சதவீதமும் செலுத்துகின்றனர். பெண் தொழிலாளிக்கு மகப்பேறு காலப் பணம் அந்த நிதியிலிருந்தே வழங்கப்படுகிறது. ஆண் தொழிலாளியும் அதற்குச் சந்தா செலுத்துகிறார். அவருக்கும் அதிலிருந்து தந்தைமைக் காலப் பணம் தருவதற்குத் தடையாக இருப்பது அரசியல் விருப்பமின்மை மட்டுமே. 21,000 ரூபாய் என்று நிற்கும் ஊதிய உச்சவரம்பை உயர்த்தினால் நிதியும் பெருகும், பாதுகாப்பும் விரியும்.

அமைப்புசாராத் தொழிலாளிக்கு இதனால் என்ன பயன் என்பது மூன்றாவது கேள்வி. உழைப்போரில் மாதச் சம்பளம் பெறுவோர் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரே என்பதால் இது நியாயமான கேள்வி. அவர்களுக்கு விடுப்பு என்பது பணவடிவில்தான் வர முடியும். கட்டுமானத் தொழிலில் நலவரி வசூலாகிறது. செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை செலுத்த வேண்டுமென்று 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு சொல்கிறது. இந்த நிதிகளிலிருந்து, குழந்தை பிறந்த தந்தைக்குக் குறைந்தபட்சக் கூலிக்கு ஈடான தொகையை வழங்க முடியும். முதலில் தாய்க்குத் தர வேண்டியதை அரசு ஒழுங்காகத் தரட்டும் என்பதும் சரியே. 2013ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் குறைந்தது 6,000 ரூபாய் என்றது. பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டமோ முதல் குழந்தைக்கு 5,000 ரூபாய் என்றும், இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் மட்டுமே 6,000 ரூபாய் என்றும் சுருக்கிவிட்டது. தாயின் உரிமையைச் சுருக்கும் அரசையும் தந்தையின் உரிமையை மறுக்கும் அரசையும் எதிர்த்து ஒரே போராட்டமே நடத்த வேண்டியிருக்கிறது.

எதைக் கோர வேண்டும்?

முதலாவதாக, துறை வேறுபாடின்றி அனைத்துத் தொழிலாளருக்கும் முழு ஊதியத்துடன் குறைந்தது ஒரு மாத தந்தைமை விடுப்பு சட்டபூர்வமாக்கப்பட வேண்டும். அது தாயின் 26 வாரங்களிலிருந்து வெட்டி எடுக்கப்படக் கூடாது. பிறருக்கு மாற்றத்தக்கதாகவும் இருக்கக் கூடாது. இரண்டு குழந்தைகளுக்கு மட்டும் என்ற வரம்பு, மூன்றாவதாகப் பிறந்த குழந்தையைத் தண்டிப்பதாகும். அது நீக்கப்பட வேண்டும். இரண்டாவதாக, இதன் செலவு ஈ.எஸ்.ஐ., நலவாரியங்கள், அரசு நிதி ஆகியவற்றின் வழியாகச் சமூகத்தால் ஏற்கப்பட வேண்டும். மூன்றாவதாக, புலம்பெயர் தொழிலாளிக்குப் பிரசவக் காலப் பயணச் செலவும், திரும்பி வரும்போது வேலை உத்தரவாதமும் வேண்டும். நான்காவதாக, எல்லா அரசு மகப்பேறு மருத்துவமனைகளிலும் தனித்தனித் தடுப்பறைகளும் போதுமான செவிலியரும் வேண்டும்.

இவற்றோடு ஒரு நிபந்தனையும் சேர வேண்டும். பிரசவ அறையில் தன் அருகில் யார் இருக்க வேண்டும் என்று முடிவெடுக்கும் உரிமை பெண்ணுக்கே உரியது. கணவர் வேண்டாம், தாய் வேண்டும் என்று அவர் சொன்னால் அதுவே இறுதி. வன்முறை செய்யும் கணவரிடமிருந்து விலகி நிற்கும் பெண்ணும், கணவரற்ற பெண்ணும் தாம் விரும்பும் ஒருவரைத் துணையாகக் குறிப்பிடவும், அவருக்கு அந்த விடுப்பு கிடைக்கவும் வழி இருக்க வேண்டும். தந்தையின் உரிமை என்ற பெயரில் பெண்ணின் மீதான அதிகாரத்துக்குப் புதிய கதவு திறக்கப்படக் கூடாது.

இயக்கத்துக்குள்ளும் ஒரு கேள்வி

தனிச்சொத்தின் தோற்றத்தோடு பெண்ணின் வீழ்ச்சியை இணைத்துக் காட்டிய எங்கெல்ஸ், பெண் பொது உற்பத்திக்குத் திரும்புவதே விடுதலைக்கான முதல் நிபந்தனை என்றார். புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யாவில் சமூகநல மக்கள் ஆணையராக இருந்த அலெக்சாந்திரா கொலந்தாய், தாய்மையைத் தனிப்பட்ட குடும்பத்தின் சுமையிலிருந்து சமூகத்தின் பொறுப்பாக மாற்ற முனைந்தார். வீட்டு வேலையில் ஆண் தோழர்கள் காட்டும் பாராமுகத்தை லெனின் கடுமையாகச் சாடினார். இவை வகுப்புகளில் கற்பிக்கப்படும் செய்திகள். அவை தோழர்களின் வீடுகளுக்குள் எந்த அளவுக்கு நுழைந்திருக்கின்றன என்பது தனிக் கேள்வி.

இருவரும் இயக்கத்தில் இருக்கும் ஓர் இணையருக்குக் குழந்தை பிறந்தால், பெண் தோழரின் பெயர் சில ஆண்டுகளுக்குக் கூட்ட வருகைப் பதிவேட்டில் குறைந்துபோகிறது. ஆண் தோழரின் பொறுப்புகள் அதே காலத்தில் வழக்கம்போலத் தொடர்கின்றன, சிலருக்கு உயரவும் செய்கின்றன. குழந்தை பிறந்த மறுநாளே மறியலுக்கு வந்த தோழரின் அர்ப்பணிப்பு மேடையில் பாராட்டப்படுகிறது. அவர் வருவதற்காக வீட்டில் யார் விழித்திருந்தார் என்று கேட்கப்படுவதில்லை. முழுநேர ஊழியருக்குக் குழந்தை பிறந்தால் சில வாரங்கள் பணியிலிருந்து விடுவிப்பதும், இரவு நீளும் கூட்டங்களைப் பகலுக்கு மாற்றுவதும், மாநாடுகளில் குழந்தைகள் காப்பகம் அமைத்து அதில் ஆண் தொண்டர்களையும் பணியில் அமர்த்துவதும் எந்தச் சட்டத்துக்காகவும் காத்திருக்க வேண்டியவை அல்ல. அரசிடம் கேட்கும் உரிமையைத் தன் அமைப்புக்குள் நடைமுறைப்படுத்தும் இயக்கத்தின் குரலுக்கே வலு இருக்கும்.

தொழிற்சங்கங்கள் அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்கான கோரிக்கைப் பட்டியலைத் தயாரிக்கும்போது தந்தைமை விடுப்பை முதல் பக்கத்தில் எழுதட்டும். ஆலை வாசல் கூட்டங்களில் பெண் தொழிலாளர் மட்டுமின்றி ஆண் தொழிலாளரும் அதைப் பற்றிப் பேசட்டும். புலம்பெயர் தொழிலாளரின் குடியிருப்புகளுக்குச் சென்று, ஊரிலிருக்கும் குழந்தையை இன்னும் பார்க்காத தந்தையர் எத்தனை பேர் என்று கணக்கெடுக்கட்டும். அந்தக் கணக்கு, கோரிக்கை மனுவோடு இணைக்க வேண்டிய முதல் ஆவணமாக இருக்கும்.